துரை வீட்டில் நாம் குடித்தது திராட்சைச் சாறு

எங்கள் தெரு அம்மன் கோயில் விழாக்குழுத் தலைவர் பொய் சொல்கிறார். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொல்கிறார்.

சித்ரா பௌர்ணமி அன்னதானத்தில் மைக்கைப் பிடித்து அவர் பேசியதை யாரோ போனில் எடுத்து நம் தெரு வாட்ஸப் குழுவில் போட்டார்கள். "அந்தக் காலத்துலயே நம்ம தெருவுல சாராயம் ஊத்தின வெள்ளைக்காரனையும், கூட இருந்து ஊத்திக் குடுத்த பொம்பளையையும் எங்கப்பா வெரட்டி உட்டாரு. அதனாலதான் இன்னிக்கும் இந்தத் தெரு சுத்தமா இருக்குது" என்கிறார். அதற்குக் கீழே நீங்கள் வரிசையாகக் கும்பிடு போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பொம்பளை என் அத்தை, அப்பாவின் தங்கை. செத்துப் போகவில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஓர் அறையில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. அந்தப் பேச்சை என் போனில் திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டாள். "அவன் கொரல் அவங்கப்பா கொரல் மாதிரியே ஆயிடுச்சு இல்ல" என்றாள்.

என்னோடு அந்தத் தெருவில் கோலியும் பாண்டியும் ஆடினவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. வேங்கிக்காலில் ஆபீஸ்களுக்கு எதிரே டீயும் டிபனும் விற்றுப் பிழைத்தவள். நாசூக்காகச் சொல்ல வராது. துரை வீட்டுக் கொல்லையில் அன்று நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். உங்கள் உதடும் ஊதா நிறமாகத்தான் இருந்தது. மறந்துவிட்டது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

விஷயம் இதுதான். அத்தை இந்த ஆடியில் நம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற ஆசைப்படுகிறாள். நம் தெரு வழக்கப்படி வீட்டுக்கு ஒரு பானை கூழ் காய்ச்சிக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இருக்கும் பெரிய கொப்பரையில் ஊற்ற வேண்டும். எல்லா வீட்டுக் கூழும் கலந்த பிறகுதான் அம்மனுக்குப் படைப்பார்கள். யார் பானையை வாங்கி ஊற்றவில்லையோ அவர்கள் தெருவில் இல்லை என்று அர்த்தம். அடிக்கத் தேவையில்லை, திட்டத் தேவையில்லை. பானையை வாங்காமல் விட்டால் போதும். அத்தையின் பானையை நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வாங்கவில்லை. இன்று வரை வாங்கவில்லை.

துரை என்று நாம் கூப்பிட்டவர் பிரான்சுக்காரர். பாண்டிச்சேரியில் வெகுகாலம் வாத்தியாராக இருந்தவர். பெண்சாதி இறந்த பிறகு மலையைப் பார்த்துக்கொண்டே மிச்ச நாளை ஓட்டலாம் என்று நம் தெருக் கோடி வீட்டுக்குக் குடி வந்தார். தமிழ் பேசுவார். அவர் சொல்லும் 'ர' எல்லாம் தொண்டைக்குள்ளிருந்து கொப்பளிக்கிற மாதிரி வரும். அத்தை அவருக்குச் சமைத்தாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் விட்டுவிட்டுப் போனதால் எங்கள் வீட்டோடு இருந்தவள் அவள். சமையல் முடிந்து வரும்போது அவள் புடவையில் வெண்ணெயும் பூண்டும் சேர்ந்து வறுபட்ட ஒரு வாசனை இருக்கும். வேறு யார் புடவையிலும் அந்த வாசனை கிடையாது.

துரையின் கொல்லையில் கம்பிப் பந்தலில் பன்னீர் திராட்சை படர்ந்திருந்தது. உள்ளே போனால் சுவரில் ஓர் அங்கி மாட்டியிருக்கும். நல்ல சிவப்பு, ஓரமெல்லாம் மஞ்சள். அதோடு ஒரு நாலு மூலைத் தொப்பி. ஆணியில் சிவப்பு மஞ்சள் நாடாவில் கோத்த ஒரு வெள்ளிக் கிண்ணி தொங்கும். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடைக்கு மூக்கு இல்லாமல் செய்தால் எப்படியோ அப்படி. அடியில் குழி குழியாகத் தட்டியிருக்கும். எதற்குக் குழி என்று கேட்டேன். அவர் ஊரில் திராட்சை மதுவைப் பூமிக்கடியில் இருட்டறையில் பீப்பாய்களில் வைப்பார்களாம். அங்கே மெழுகுவர்த்தி வெளிச்சம் அந்தக் குழிகளில் பட்டுத் தெறித்து மதுவின் நிறத்தைக் காட்டுமாம். கிண்ணியை ஜன்னல் பக்கம் சாய்த்து, அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். குழிக்குக் குழி ஒரு சூரியன் இருந்தது.

அவர் ஊர்த் திராட்சைத் தோட்டக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சகோதரர்கள். அவர் அப்பா, தாத்தா எல்லாரும் அதில் இருந்தவர்கள். அங்கியும் தொப்பியும் கிண்ணியும் அந்தச் சங்கத்து அடையாளம். குளிர்காலத்தில், நமக்குத் தை மாதம், ஒரு நாள் திருவிழா. திராட்சைக்காரர்களுக்கென்று இருக்கும் சாமியின் சின்ன மரச்சிலையைக் கம்புகளில் வைத்துத் தோளில் தூக்கி ஊர் சுற்றுவார்கள். அந்தச் சிலை கோயிலில் தங்காதாம். வருஷத்துக்கு ஒரு வீட்டில் தங்குமாம்.

"யாரு வூட்டுக்குப் போவும்ங்க?" என்று அத்தை கேட்டாள்.

"சங்கத்துல ஒருத்தனுக்கு உடம்பு முடியலன்னா மத்தவன் போய் அவன் கொடிய வெட்டிக் குடுக்கணும். அது சட்டம். பாட்டு, விருந்து, இந்தச் சிவப்புத் துணி எல்லாம் அப்புறம். எங்க ஊர்ல அப்படி வெட்டிக் குடுத்தவன் வீட்டுக்குத்தான் சாமி முதல்ல போகும்."

"நம்ம ஊர்ல ஒடம்பு முடியலன்னா ரெண்டு சாத்துக்குடிய வச்சிட்டு, எப்பப் போவாருன்னு கேட்டுட்டு வந்துடுவாங்க" என்றாள் அத்தை.

அந்த ஆவணியில் துரைக்கு மஞ்சள் காமாலை வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கொடியைக் கவாத்து செய்ய வேண்டிய நேரம் அது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, படுத்துக்கொண்டே எங்கே வெட்டுவது, எத்தனை துளிர்க் கண் விடுவது என்று அவர் சொல்ல, அத்தை முக்காலி மேல் நின்று வெட்டினாள். நான் கீழே விழுந்த கொடிகளைப் பொறுக்கினேன். வெட்டின இடத்திலெல்லாம் தண்ணீர் சொட்டியது. அத்தையின் தலை, தோள் எல்லாம் நனைந்துபோயின.

அப்போதைய விழாக்குழுத் தலைவர், அதாவது இப்போதைய தலைவரின் அப்பா, துரைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். அவர் சம்சாரம் மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, காய்க்கிற கொடிக்கு மொட்ட போட்டுட்ட? திருப்பதிக்கு வேண்டுதலா?"

"ஆமாங்கக்கா. முடி எறக்கினாத்தான் புள்ள பொறக்குமாம்."

மார்கழியில் அந்தக் கொடி காய்த்தது பாருங்கள். இலைக்குப் பதிலாகக் கொத்துதான் தெரிந்தது. அதே அம்மா ஒரு கூடை வாங்கிக்கொண்டு போனாள்.

காணும் பொங்கல் முடிந்த வாரம் துரை தன் ஊர்த் திருவிழாவை நம் தெருவில் நடத்தினார். பெரியவர்களையும் கூப்பிட்டார். யாரும் போகவில்லை. பிள்ளைகள் நாம் மட்டும் போனோம். காலையிலிருந்து அத்தை பழத்தைக் கையால் பிசைந்து, வெள்ளை வேட்டியில் வடிகட்டி, சர்க்கரை போட்டுப் பித்தளை அடுக்கில் வைத்திருந்தாள். அவள் கை முழங்கை வரை ஊதாவாக இருந்தது. துரை சிவப்பு அங்கி போட்டுத் தொப்பி வைத்து வந்தபோது நாம் கூத்துக்காரர் வந்துவிட்டார் என்று சிரித்தோம். அவரும் சிரித்தார்.

"எங்க ஊர்ல இன்னிக்கு மது குடிப்பாங்க. இங்க கிடையாது. மலை முன்னாடி அது மரியாதை இல்ல" என்று முதலிலேயே சொன்னார். அந்த வீட்டை மூலை மூலையாகப் பெருக்கினவள் அத்தை. ஒரு பாட்டில் கூட அவள் கண்ணில் பட்டதில்லை.

பிறகு அத்தையை முன்னால் நிற்க வைத்தார். கிண்ணி நாடாவை அவள் கழுத்தில் போட்டார். கையில் முறுக்கேறிய ஒரு பழைய திராட்சைக் கட்டை வைத்திருந்தார். சங்கத்தில் ஆள் சேர்க்கும்போது கேட்கும் கேள்விகளை முதலில் பிரெஞ்சிலும் அப்புறம் தமிழிலும் கேட்டார்.

"அடுத்தவன் கொடிய உன் கொடி மாதிரி பார்ப்பியா?"

"பாப்பேங்க."

"விருந்தாளி டம்ளர் காலியா இருக்க விடுவியா?"

"உட மாட்டேங்க."

"தண்ணி கலப்பியா?"

அத்தை தலையைச் சொறிந்தாள். "பசங்க ஜாஸ்தி வந்துட்டாங்க. கொஞ்சூண்டு கலந்துட்டேங்க."

துரை இருமல் வரும் வரை சிரித்தார். அப்புறம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அந்தக் கட்டையால் அவள் இடது தோளையும் வலது தோளையும் தொட்டு, "இனிமே நீ என் சகோதரி" என்றார். கைதட்டச் சொன்னார். கையை மேலே தூக்கி, பல்பு மாட்டுகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, லா லா என்று ஒரு பாட்டு கற்றுக்கொடுத்தார். நாம் எல்லோரும் பாடினோம். உங்களில் ஒருவர் போன வருஷம் தன் மகள் கல்யாணப் பந்தியில் அதே மாதிரி கையைத் திருப்பிக் காட்ட, ஒரு மேசையே சிரித்தது. மறந்தவர்கள் ஏன் சிரித்தீர்கள்?

தலைவர் மகனும் அங்கே இருந்தான். அவன்தான் இன்றைய தலைவர். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் வரிசையில் வந்து நிற்பான். அத்தை யாரையும் கணக்கு பார்க்கவில்லை, சங்கத்துச் சட்டம் அப்படி. கடைசியில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் போய் வாந்தி எடுத்தான். சட்டையெல்லாம் ஊதா. அத்தை அவன் முகத்தைக் கழுவி, சட்டையைக் கழற்றிக் கசக்கிப் பிழிந்து மறுபடியும் மாட்டிவிட்டாள்.

"கறை போவல அத்த. எங்கப்பா அடிப்பாரு."

"சாறு குடிச்சேன்னு சொல்லுடா. சாறு குடிச்சதுக்கு யாரு அடிப்பாங்க?"

வெயில் தாழ்ந்ததும், துரை தன் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த அந்தச் சாமி சிலையை மூங்கிலில் கட்டி, நாம்தான் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தோம். முழங்கை நீளச் சிலை. கையில் திராட்சைக் கொத்து, மூக்கு நுனி தேய்ந்திருக்கும். அம்மா ஆரத்தி எடுத்தாள். காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் பலகை போட்டு வைத்து, அதன் நெற்றியில் குங்குமம் இட்டாள். அப்பா முணுமுணுத்தார், ஆனாலும் துரைக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு ஒரு சாமி தேடி வந்த நாள் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் விழாக்குழு எங்கள் வாசலில் நின்றது. தலைவர் ஒரு கையில் மகனையும் மறு கையில் அந்தச் சட்டையையும் பிடித்திருந்தார்.

"எம்புள்ள வூட்டுக்கு வந்து செவப்பா கக்கினான். கேட்டா, துரை வூட்ல சாராயம் ஊத்தினாங்கன்றான். ஊத்தினது ஒந்தங்கச்சியாம்."

அத்தை வெளியே வந்தாள். "தம்பி, என்னப் பாத்து சொல்லு. நான் இன்னா ஊத்தினேன்?"

அவன் தரையைப் பார்த்தான்.

நான் சொன்னேன், "சாறு. நானும் குடிச்சேன். எல்லாரும் குடிச்சாங்க."

"பசங்களுக்குச் சாறுக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்றார் தலைவர். என் பேச்சு பசங்க பேச்சு. அவர் மகன் பேச்சு சாட்சி. மிச்சச் சாறு துரை வீட்டு அடுக்கில் அப்படியே இருந்தது. பத்து வீடு தாண்டிப் போய் முகர்ந்து பார்க்க ஒரு பெரிய மனுஷனுக்கும் தோன்றவில்லை.

சாராயத்தோடு விடவில்லை. சிவப்பு அங்கி, குச்சியால் தோளைத் தொட்டது, தெரியாத பாஷையில் சத்தியம், நடுவீட்டில் வேற்றுச் சிலை. மதம் மாற்றிவிட்டான் என்றார்கள். பிள்ளைகள் தெருவில் கையைத் திருப்பிக்கொண்டு பாடுவதைக்கூட மந்திரம் என்றார் ஒருவர். அன்று சாயங்காலம் கோயில் வாசலில் அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவ உன் வூட்டு ஆளுன்னா உன் பானையும் கொப்பரைக்கு வராது, என்றார்கள்.

அப்பா கற்பூரத்தின் மேல் கை வைத்து, "அவ எங்க வூட்டு ஆளு இல்ல" என்றார்.

அத்தை அங்கேயே, பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அம்மா வாசல் வரை வந்தாள், வாசலைத் தாண்டவில்லை. அத்தை அடி அண்ணாமலையில் மோர்க்கடை போட்டு உட்கார்ந்தாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த நம் தெருக்காரர்கள் அந்தக் கடை வரும்போது ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்தார்கள், நீங்களும் நடந்தீர்கள். என் அப்பாவும் நடந்தார்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அத்தை போன அடுத்த நாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். மடியில் ஒரு கோணிப்பை. மாமா வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக் கிணற்றில் பையைக் கவிழ்த்தார். சாமி விழுந்தது, முழுகியது, மேலே வந்தது. மரமாயிற்றே. அப்பா குச்சியால் அழுத்தினார். விட்டதும் மேலே வந்தது. முகம் மேலே பார்த்தபடி, அம்மா வைத்த குங்குமம் கரைந்து ஒழுக, சுற்றிச் சுற்றி மிதந்தது. கடைசியில் வாளி விட்டு எடுத்து, கல்லைச் சேர்த்துக் கட்டித் திரும்பவும் போட்டார்.

"புள்ளையார கெணத்துல கரைக்கிறதில்லையா? அது மாதிரிதான்" என்று என்னிடம் சொன்னார். பிள்ளையார் களிமண், கரைவார். இதற்குக் கல் கட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு முட்டாய் வாங்கிக் கொடுத்தார். என் அப்பா நல்லவர் என்று நான் நினைத்திருந்தது அந்த பஸ்ஸோடு போய்விட்டது.

நாங்கள் வந்து இறங்கின கொஞ்ச நேரத்தில் துரை வந்தார். அங்கி போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் தெரு முழுக்க நடந்து வந்தார். தெரு கதவிடுக்கில் நின்று பார்த்தது.

"சாமிய நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். "சாமி வந்த வீட்டுல சந்தோஷம் இருக்கணும். உங்களுக்கு அதனால கஷ்டம் வந்துடுச்சு. முறையா வாங்கிக்கணும்னு இதப் போட்டுட்டு வந்தேன். என் தப்புதான். சகோதரிய ஒண்ணும் சொல்லாதீங்க."

எங்களைக் காப்பாற்ற வந்த மனுஷன். அப்பா நிலைப்படியில் குறுக்கே நின்றார். "தொலஞ்சு போச்சுங்க" என்றார்.

துரை அப்பாவின் செருப்பைப் பார்த்தார். அதில் கொல்லைச் சேறு ஈரமாக ஒட்டியிருந்தது. "சரிங்க. தேட வேணாம்" என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார். மாசி முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். அப்புறம் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. கொடியை யாரும் பார்க்கவில்லை. கம்பியோடு காய்ந்து கிடந்து, வீடு கைமாறினபோது அதை வெட்டி அடுப்பெரித்தார்கள்.

அந்த ஆடியில் எங்கள் பானையை வாங்கிக் கொப்பரையில் ஊற்றினார்கள். அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டாத குறை. அந்தக் கூழை நீங்களும் குடித்தீர்கள், நானும் குடித்தேன். இன்று நினைத்தாலும் வெட்கத்தில் எனக்குக் காது சுடுகிறது. எங்கோ ஒரு குளிர்த் தேசத்தில் திராட்சை போடுகிறவர்கள், படுத்துக் கிடப்பவனின் கொடியை வெட்டித் தந்துவிட்டுத்தான் விருந்துக்கு உட்காருவோம் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை நம் தெருவில் ஒருத்தி, யாரும் கேட்காமலே செய்தாள். அவளைத்தான் நாம் துரத்தினோம்.

போன வாரம் தலைவர் வீட்டுக்குப் போனேன். இந்த ஆடிக்கு அத்தை பேரிலும் ஒரு பானை வரும், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். உட்காரச் சொன்னார், காபி வந்தது, மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

"அந்தம்மா பேர்ல வேணாம்மா. உன் பேர்ல வேணும்னா ரெண்டா கொண்டா."

"ஏன்?"

"ஊரறிஞ்ச விஷயம். மைக்ல வேற பேசிட்டேன்."

"நீ அன்னிக்கு இன்னா குடிச்சன்னு உனக்குத் தெரியாதா?"

கதவைப் பார்த்தார். உள்ளே மருமகள் இருந்தாள். குரலைக் குறைத்தார். "சின்ன வயசு. அடிக்குப் பயந்து சொல்லிட்டேன். அத இப்பக் கிண்டுனா எங்கப்பா பேரு இன்னாத்துக்கு ஆவும்?"

ஆக, தெரியும். அடிக்குப் பயந்த பிள்ளையை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அத்தை அன்றைக்கே மன்னித்துவிட்டாள். மைக்கைப் பிடித்த கிழவனை மன்னிக்க முடியாது. அவருக்கு இப்போது யார் அடிக்குப் பயம்?

அப்பா பேர் கெட்டுவிடும் என்கிறார். என் அப்பா பேரை நான் இதோ இந்த எழுத்தில் கெடுத்துவிட்டேன். கல் கட்டி மூழ்கடித்தார் என்று எழுதிவிட்டேன். அவர் செத்துப் போனவர், அவருக்கு இனி வலிக்காது. அத்தை உயிரோடு இருக்கிறாள்.

தலைவரே, ஆடி முதல் வெள்ளிக்கிழமை கொப்பரை முன்னால் தெரு முழுவதும் நிற்கும். முதல் பானை ஊற்றுவதற்கு முன்னால் நீங்கள் பேசுவது வழக்கம். அன்று நான் அத்தையைக் கைபிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன், பானையோடு. என்னிடம் குரலைக் குறைத்துச் சொன்னது போதாது. துரை வீட்டில் என்ன குடித்தீர்கள், உங்கள் சட்டையைக் கசக்கிக் கொடுத்தது யார், வீட்டுக்குப் போய் உங்கள் அப்பாவிடம் என்ன சொன்னீர்கள்? தெருவார் எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.